ஆச்சேயை அறிந்த பேரறிஞருக்கு

அறிஞர் ஸ்னூக் ஹுர்குரோன்யே அவர்களே, அந்நியப் படையை எதிர்த்து நின்ற ஒரு முஸ்லிம் சமூகத்தை உம்மைப் போல் கருத்தூன்றிப் படித்தவர் மிகச் சிலரே. சுமத்திராவின் வடமுனையில் இருக்கும் ஆச்சேயைப் பற்றி ஆராயப் புகும் மாணவர்கள் இன்றும் உம் வாசல் வழியாகத்தான் உள்ளே போகிறார்கள். இந்தப் பெருமையை யாரும் உம்மிடமிருந்து பறிக்க முடியாது.

ஹஜ்ஜைப் பற்றி ஆய்வு செய்து 1880இல் லைடனில் முனைவர் பட்டம் பெற்றீர். ஏட்டறிவு போதாது என்று 1885இல் அப்துல் கஃப்பார் என்ற பெயரோடு மெக்காவுக்கே போனீர். இஸ்லாத்தைத் தழுவியவர் என்று நம்பி மார்க்க அறிஞர்கள் உம்மைத் தங்களோடு உட்காரவைத்துப் பேசினார்கள். ஜாவாவிலிருந்தும் சுமத்திராவிலிருந்தும் வந்து தங்கியிருந்தவர்கள் ஊர் நடப்பை ஒளிக்காமல் சொன்னார்கள். அவ்வளவு நம்பிக்கையைச் சம்பாதிக்கத் தனித் திறமை வேண்டும். உமக்கு அது இருந்தது.

ஆச்சேயில் அப்போது உம் நாட்டவரான டச்சுக்காரர்கள் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். 1873 மார்ச்சில் போர் தொடுத்தவர்களின் தளபதி கோலர், அடுத்த மாதமே பைத்துர் ரஹ்மான் பள்ளிவாசல் அருகே சுடப்பட்டு இறந்தார். பதினெட்டு ஆண்டுகள் சண்டை போட்டும் நாடு அடங்கவில்லை. 1891 ஜூலையில் டச்சு அரசாங்கத்தின் ஆலோசகராக நீர் வந்து இறங்கினீர். அடுத்த பிப்ரவரி வரை இருந்து கேட்டீர், எழுதினீர். பீரங்கிக்குப் புலப்படாதது உம் பேனாவுக்குப் புலப்பட்டது.

உம் ‘ஆச்சே மக்கள்’ நூல் 1893-94இல் இரண்டு தொகுதிகளாக வந்தது. விதைப்புக்கு நாள் பார்ப்பது, கல்யாணச் சடங்கு, குழந்தைகளின் விளையாட்டு, வாய்மொழிக் கதைகள் என்று எதையும் நீர் விடவில்லை. கேட்டவர் உள்ளத்தில் போர்த் தீயை மூட்டிய ‘ஹிகாயத் பிராங் சபி’ என்ற பாடலின் வலிமையையும் சரியாக எடைபோட்டீர். அந்தப் பாடலின் பிரதிகளை டச்சு அதிகாரிகள் தேடிப் பறிமுதல் செய்தார்கள்.

ஆனால் நீர் அரசாங்கத்துக்குக் கொடுத்த அறிக்கையில் முதல் இரண்டு பகுதிகள்தான் இந்த நூலாயின. மற்றவற்றை அரசாங்கம் பூட்டி வைத்துக்கொண்டது. அவற்றில் நீர் எழுதியது இது: எதிர்ப்பின் உயிர் சுல்தானிடம் இல்லை, உலமாக்கள் எனப்படும் மார்க்க அறிஞர்களிடம் இருக்கிறது. அவர்களோடு பேச்சுக்கு இடமில்லை, விடாமல் அடிக்க வேண்டும். ஊர்த் தலைவர்களை நயத்தால் வளைக்க வேண்டும். மக்களை உழவிலும் வாணிபத்திலும் திருப்ப வேண்டும். இதுதான் நீர் காட்டிய வழி. தன்னை நம்பிக் கை நீட்டியவர்களின் நாடியைப் பிடித்துப் பார்த்து, எந்த நரம்பை வெட்டலாம் என்று அடுத்தவனுக்குச் சொல்லிக்கொடுத்த வைத்தியர் நீர். நோயைக் கணித்ததில் பிழையே இல்லை. 1898இல் ஆச்சேயின் ஆளுநரான வான் ஹியூட்ஸ் உம் வழியில் நடந்தார். 1903இல் சுல்தான் முகம்மது தாவூத் சரணடைந்தார்.

உம் திறமைக்கு இன்னொரு சான்று ஆச்சேயின் உட்பகுதியில் இருக்கும் காயோ மலைநாடு. அங்கே நீர் காலே வைத்ததில்லை. அங்கிருந்து வந்தவர்களை விசாரித்தே 1903இல் ஒரு முழு நூலை எழுதிவிட்டீர். மறு ஆண்டே டச்சுப் படை அதிகாரி வான் டாலனின் படை அந்த மலைகளில் ஏறி, அப்பால் இருந்த ஆலாஸ் நாட்டுக்குள்ளும் போயிற்று. 1904 ஜூன் 14 அன்று குத்தா ரே என்ற கோட்டைக் கிராமத்தில் அந்தப் படை 561 பேரைக் கொன்றது. ஆண்கள் 313, பெண்கள் 189, குழந்தைகள் 59. கணக்கு எழுதுவதில் உம் நாட்டவர் குறை வைப்பதில்லை. படமும் எடுத்தார்கள். மண் அரண்மேல் சிப்பாய்கள் நிற்கிறார்கள், கீழே பிணங்கள் குவிந்து கிடக்கின்றன, நடுவில் உயிரோடு தனியாக ஒரு குழந்தை. அந்தப் படத்தைப் பார்த்த பிறகு உம் நூலில் குழந்தைகளின் விளையாட்டைப் பற்றிய பக்கங்களை என்னால் முன்புபோல் படிக்க முடியவில்லை.

வான் டாலனின் கொடுமையை நீர் கண்டித்தீர், வான் ஹியூட்ஸோடும் முரண்பட்டீர். அதை மறைப்பது நியாயமில்லை. 1906இல் ஊர் திரும்பி லைடனில் பேராசிரியர் நாற்காலியில் அமர்ந்தீர். வான் டாலன் அதற்கு முந்தைய ஆண்டே ஆச்சேயின் ஆளுநராகியிருந்தார்.

அதே 1905இல்தான் ஆச்சேயின் எதிர்ப்புத் தலைவி சுட் நியாக் தின் பிடிபட்டார். கணவர் தெக்கு உமர் 1899இல் கொல்லப்பட்ட பிறகும் காட்டில் இருந்து போரை நடத்தியவர். பார்வை மங்கி, மூட்டுவலியால் நடக்க முடியாமல் கிடந்தவரை, இரக்கப்பட்ட தோழர் ஒருவரே காட்டிக்கொடுத்தார். ஜாவாவின் சுமேடாங் ஊருக்கு நாடுகடத்தப்பட்டு 1908இல் இறந்தார். அங்கிருந்தவர்களுக்கு அவர் குர்ஆன் சொல்லிக்கொடுத்த ஒரு மூதாட்டி, அவ்வளவுதான். அவருடைய கல்லறை இன்னதென்று உறுதியாகத் தெரிய 1959 ஆயிற்று. போரில் இறந்த டச்சுப் படைச் சிப்பாய்களின் பெயர்களோ பண்டா ஆச்சேயில் உள்ள கல்லறைத் தோட்டத்து வாயில் சுவரிலேயே வெட்டப்பட்டிருக்கின்றன.

உம் இரகசிய அறிவுரைகள் 1957இல்தான் அச்சேறத் தொடங்கின. அதுவரை உலகம் படித்தது உம் நூலை மட்டும்.

வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்களே, ‘ஆச்சே மக்கள்’ நூலை மாணவர் கையில் தாராளமாகக் கொடுங்கள். அவ்வளவு நல்ல நூல் அது. ஆனால் அந்த அறிவுரைகளையும், குத்தா ரேயில் எடுத்த படத்தையும் அன்றைக்கே சேர்த்துக் கொடுங்கள்.