முப்பது விநாடி இரசிகர்

(மார்கழி மழை சற்றே ஓய்ந்த பிற்பகல். வட்டக்கச்சியில், வயலுக்கு யூரியா வீசிவிட்டு வந்து வாய்க்கால் மதகின்மேல் உட்கார்ந்திருப்பவர் கமக்காரர். வாலிபத்திலே காத்தவராயன் கூத்துக்கு உடுக்கடித்தவர். கழுத்திலே ஹெட்செற் தொங்க எதிரே நிற்பவருக்கு இரசிகர் என்று நான் பெயரிட்டிருக்கிறேன். அவரையே கேட்டிருந்தால் இதனினும் பெரிய பட்டமொன்று சொல்லியிருப்பார்.)

இரசிகர்: அப்பு, இந்த வருஷம் நான் கண்டுபிடித்த சங்கீதங்களுள் சிரேஷ்டமானவை எவையென்று என் கைத்தொலைபேசியே கணக்கெடுத்து, வர்ணப் படங்களோடு இன்று காலை எனக்கு அனுப்பிவைத்திருக்கிறது. மொத்தம் 42,000 நிமிஷம்! உலகத்து இரசிகர்களுள் மேல்வரிசையில் வைத்து என்னைப் பிரகடனஞ் செய்திருக்கிறது.

கமக்காரர்: சந்தோஷம், தம்பி. இப்படி நெல்லுக்கும் கணக்கெடுத்து அனுப்புகிற கருவி ஒன்று வந்திருக்குமானால் எத்தனையோ தரகர்கள் தொழிலை விட்டிருப்பார்கள். அது கிடக்கட்டும், இன்று விடியற்காலையிலே சங்கும் சேமக்கலமும் முழங்கத் திருவெம்பாவை பாடிக்கொண்டு உம்முடைய ஒழுங்கையால் போனார்களே, அதுவும் அந்தக் கணக்கிலே சேர்ந்ததா?

இரசிகர்: அப்போது ஹெட்செற் மாட்டியிருந்தேன், அப்பு. வெளிச்சத்தம் ஒன்றும் உள்ளே வராது. அதுதான் அதன் விசேஷம்.

கமக்காரர்: விசேஷந்தான். சரி, கண்டுபிடித்தவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லும்.

இரசிகர்: முதலாவது, தவில். யாழ்ப்பாணத்திலே தட்சிணாமூர்த்தி என்று ஒரு மகா வித்துவான் இருந்திருக்கிறார், ஒருவருக்கும் தெரியாது. நான்தான் கண்டுபிடித்தேன்.

கமக்காரர்: ஒருவருக்கும் தெரியாதா? 1933 இற் பிறந்து 1975 இல், நாற்பத்திரண்டு வயது நிறையுமுன் மறைந்துபோன அந்த மனிதரின் தனி ஆவர்த்தனத்துக்காகக் கோயில் வீதிகளிலே சனம் நித்திரை முழித்துக் காத்திருந்தது. தமிழ்நாட்டிலே நாதஸ்வரச் சக்கரவர்த்திகள் என்று பேர்பெற்றவர்கள் அவரைத் தம் பக்கத்தில் நிறுத்தி வாசிப்பதைப் பெரும் பாக்கியமாக எண்ணினார்கள். 2015 இல் அம்ஷன் குமார் அவரைப்பற்றி ஆவணப்படமே எடுத்து, அதற்கு இந்திய தேசிய விருதும் கிடைத்தது. இத்தனை பேர் உமக்கு முன்னரே கேட்டுவிட்டார்கள் என்ற தகவலை உம்முடைய கைத்தொலைபேசி உமக்குச் சொல்லாமல் விட்டதற்கு நீர் என்ன செய்வீர்! இருக்கட்டும், எவ்வளவு நேரம் கேட்டீர்?

இரசிகர்: முப்பது விநாடி.

கமக்காரர்: பிறகு?

இரசிகர்: பிறகு அடுத்ததற்குப் போய்விட்டேன்.

கமக்காரர்: முப்பது விநாடியில் தவிற்காரர் வலக்கை விரல்களுக்குக் கூடு மாட்டியே முடித்திருக்கமாட்டார், தம்பி. சுட்டுவிரலுக்கு மாட்டிவிட்டு, நடுவிரலுக்குரியதைக் கையில் எடுத்திருப்பார். அந்தக் கட்டத்திலே நீர் எழுந்து போய்விட்டீர். அடுத்தது?

இரசிகர்: பொப்பிசை. ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’, நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’. மண்ணுக்குள் புதைந்துகிடந்த பொக்கிஷங்கள்!

கமக்காரர்: எழுபதுகளிலே அவை கண்டுபிடிக்கவேண்டிய வஸ்துக்களாக இருக்கவில்லை, தப்பியோடவேண்டிய வஸ்துக்களாக இருந்தன. ஒரு கலியாண வீட்டிலே குழாய் ஒலிபெருக்கியைப் பனைமரத்தில் ஏற்றிக் கட்டிவிட்டால், மூன்று வயலுக்கு அப்பால் நாற்று நடுகிறவளும் அந்தத் தாளத்துக்கே நாற்றை ஊன்றவேண்டியதாயிற்று. எனக்கும் அவை பிடிக்குந்தான். எங்கள் கூட்டாளிமார் ஒருவரும் அவற்றைச் சங்கீதமென்று ஒப்புக்கொள்ளாத காலத்திலும் நான் ஒளித்திருந்து கேட்டேன். நீர் எவ்வளவு நேரம்?

இரசிகர்: அதே... முப்பது விநாடிதான்.

கமக்காரர்: போர்த்துக்கேயர் 1658 இல் யாழ்ப்பாணக் கோட்டையையும் பறிகொடுத்துவிட்டு இந்த நாட்டைவிட்டே போனார்கள். அவர்கள் விட்டுப்போன பைலாத் தாளம் மூன்றரை நூற்றாண்டுக்குமேலாகியும் போகாமல் நிற்கிறது. நீர் மட்டும் முப்பது விநாடியில் போய்விட்டீர்.

இரசிகர்: பரிகாசம் பண்ணவேண்டாம், அப்பு. மூன்றாவதைக் கேட்டால் நீங்களே கண்கலங்குவீர்கள். ஒப்பாரி! 2021 இல் சந்தோஷ் நாராயணன் இசையிலே அறிவும் தீயும் பாடிய ‘எஞ்சாய் எஞ்சாமி’ என்ற பாட்டின்மூலமாக ஒப்பாரி என்றொரு வகை இருப்பதைக் கண்டுகொண்டு, அதன் மூலாதாரத்தைத் தேடிப் போனேன்.

கமக்காரர்: அது நல்ல பாட்டு. அறிவு என்ற அந்தப் பிள்ளையின் பாட்டியார் இந்த நாட்டுத் தேயிலைத் தோட்டத்திலே கொழுந்தெடுத்து, பிறகு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களுள் ஒருத்தி என்று கேள்விப்பட்டேன். அப்படி அனுப்பப்படாமல், கலவரங்களுக்குத் தப்பி மலையிலிருந்து இறங்கி இந்த வன்னிக் காட்டை வெட்டிக் குடியேறிய சனம் கிளிநொச்சி மாவட்டம் எங்கும் இருக்கிறது. அந்தப் பெண்களுடைய ஒப்பாரியை நீர் சைக்கிளிலே போய்க் கேட்கலாம். மூலாதாரம் எங்கே அகப்பட்டது உமக்கு?

இரசிகர்: கைத்தொலைபேசியில்.

கமக்காரர்: எவ்வளவு நேரம் என்று நான் கேட்கப்போவதில்லை. முப்பது விநாடியிலே செத்தவருடைய பெயர்கூட வந்திராது. யாருக்காக அழுகிறார்கள் என்று அறியாமலே செத்தவீட்டை விட்டு நீர் வெளிக்கிட்டுவிட்டீர்.

இரசிகர்: இறுதியாக உள்ளதுதான் என் முதலிடம். உங்கள் காத்தவராயன் கூத்து!

கமக்காரர்: அடடா! அதையும் கண்டுபிடித்துவிட்டீரா? எந்தக் கட்டம்?

இரசிகர்: கழுவேறுகிற கட்டம். உணர்ச்சி உச்சமடைவது அங்கேதான் என்று கீழே எழுதியிருந்தது. ஏறத் தொடங்கினார், அதற்குள்...

கமக்காரர்: முப்பது விநாடி ஆகிவிட்டது.

இரசிகர்: ஆகிவிட்டது.

கமக்காரர்: அப்படியானால் காத்தவராயன் இன்னமும் பாதிமரத்திலே நிற்கிறான்; ஏறவும் வழியில்லை, இறங்கவும் வழியில்லை; உம்முடைய பெருவிரலின் தயவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். கேளும், தம்பி: அம்மன் வாசலிலே நேர்த்திக்கடனாக ஆடப்படுகிற அந்தக் கூத்து, இரவு ஒன்பது மணிக்குக் காப்புப் பாட்டோடு ஆரம்பித்து, பிள்ளைகள் பாயிலே சுருண்டு உறங்க, கிழவிமார் பாக்கிடித்துக்கொண்டு பாட்டைத் தாங்களும் முணுமுணுக்க, முத்துமாரி வந்து அழுது, ஆரியமாலை வந்து மறுத்து, பின்பு மனங்கசிந்து, உடுக்கடிக்கிறவனுடைய உள்ளங்கை தீயாய் எரிந்து, கிழக்கு வெளுக்கின்ற வேளையிலே கழுவடிக்கு வந்து சேரும்போது, அந்த இரவு முழுவதையும் தன் கண்ணாற் சுமந்துவந்தவனுக்குத்தான் அது கழுமரம், இடையிலே எட்டிப் பார்க்கிறவனுக்கு அது வெறும் கமுகந்தடி.

இரசிகர்: ஆனால் அப்பு, கூத்தைச் சுருக்கியவன் நான் மாத்திரமா? பேராசிரியர்களே சுருக்கவில்லையா? இராத்திரி முழுவதும் ஆடியதை ஒன்றரை மணித்தியாலம் ஆக்கியவர்கள் அவர்கள்தாமே?

கமக்காரர்: நல்ல கேள்வி, விஷயம் தெரிந்துதான் கேட்கிறீர். சுருக்கினார்கள். அறுபதுகளிலே பேராதனைப் பல்கலைக்கழகத்திலே சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை நகரத்து மேடைக்குக் கொண்டுவந்தபோது, 1962 இல் ‘கர்ணன் போர்’ தொடங்கி ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலி வதை’ என்று ஒவ்வொன்றையும் வெட்டிச் செதுக்கித்தான் ஏற்றினார். ஆனால் அவர் செய்த காரியம் என்ன? வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரைப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்து, பட்டப்படிப்புக்கு வந்த பிள்ளைகளை அந்த அண்ணாவியாருக்கு மாணாக்கராக்கி, தாளக்கட்டும் ஆட்டமும் படிப்பித்த பின்னரன்றோ கத்தரிக்கோலைக் கையில் எடுத்தார்! எதை வெட்டுகிறோம் என்பது அந்தக் கைக்குத் தெரியும். கிராமபோன் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிஷத்துக்குமேற் கொள்ளாது என்பதால் பெரிய வித்துவான்கள்கூட ஓர் இராகத்தை மூன்று நிமிஷத்துள் மடித்து வைத்தார்கள். அது தட்டின் குறை. உம்முடைய கருவியிலோ உலகத்துச் சங்கீதம் அத்தனையும் கொள்ளும்.

இரசிகர்: 42,000 நிமிஷம் கேட்டவனைப் பார்த்துப் பொறுமையில்லாதவன் என்கிறீர்களா?

கமக்காரர்: கணக்குப் பார்ப்போமே. 42,000 நிமிஷம் 700 மணித்தியாலம். கூத்தொன்றுக்கு எட்டு மணித்தியாலம் என்றால் எண்பத்தேழு இரவுக் கூத்து! என் ஆயுளிலே நான் உடுக்கடித்த இரவுகள் அத்தனை வருமோ தெரியாது. அதை அரை நிமிஷமாக நறுக்கினால் 84,000 துண்டு. சுவாமி விபுலாநந்தர் காணாமற்போன ஒரேயொரு யாழைத் தேடிப் பதினான்கு வருஷம் அலைந்து, கணக்கும் பௌதிகமும் சிலப்பதிகாரமும் புரட்டி, 1947 ஆம் ஆண்டு யூன் மாதத்திலே திருக்கொள்ளம்பூதூரில் ‘யாழ் நூலை’ அரங்கேற்றி, அடுத்த மாதமே உயிரையும் விட்டார். பாவம், கைத்தொலைபேசி இல்லாத குறை.

இரசிகர்: நீங்கள் எவ்வளவு சொன்னாலும், நான் போட்ட துண்டைப் பார்த்துத்தான் நம்முடைய பொடியங்கள் பலருக்குத் தட்சிணாமூர்த்தி என்ற பெயரே தெரியவந்தது. அதையாவது ஒத்துக்கொள்ளுங்கள்.

கமக்காரர்: ஒத்துக்கொள்கிறேன். அவர்களுள் ஒருவனாவது மீதியையும் இருந்து கேட்டானென்றால் அந்தப் புண்ணியம் உமக்கே சேரட்டும். அவனைக் கண்டால் உமக்கும் மீதியைச் சொல்லித் தரச் சொல்லும்.

இரசிகர்: கேட்பதோடு நான் நிற்கவில்லை, அப்பு. மரபிசை மீட்புக் குழு ஒன்று அமைத்து, போன மாதம் பெருவிழாவும் எடுத்தோம். பறையை மீட்டுவிட்டோம்!

கமக்காரர்: பறையையா? யார் அடித்தார்?

இரசிகர்: ஒரு பெரியவரைத் தேடிப்பிடித்துக் கூட்டிவந்தோம். அவர் விட்டுப் பல வருஷமாம், வரமாட்டேன் என்றார். நாங்கள் விடவில்லை. பிரதம விருந்தினரை வரவேற்பதற்காக வாசலிலே நிறுத்தினோம்.

கமக்காரர்: எவ்வளவு நேரம்?

இரசிகர்: விருந்தினர் வர இரண்டு மணித்தியாலம் சுணங்கிவிட்டது.

கமக்காரர்: வந்தபிறகு எவ்வளவு நேரம் அடித்தார்?

இரசிகர்: மாலை போட்டு முடிந்ததும் நிறுத்தச் சொல்லிக் கைகாட்டினோம். ஒரு... முப்பது விநாடி இருக்கும்.

கமக்காரர்: இருக்கக் கதிரை கொடுத்தீர்களா?

இரசிகர்: விருந்தினருக்கே கதிரை போதவில்லை, அப்பு.

கமக்காரர்: சாப்பாடு?

இரசிகர்: பொதி எண்ணிக்கையில் கொஞ்சம் பிழைத்துவிட்டது.

கமக்காரர்: கூலி?

இரசிகர்: சான்றிதழ் வழங்கினோம். சட்டம் போட்டே வழங்கினோம்.

கமக்காரர்: அதிலே அவருடைய பெயர்?

இரசிகர்: ‘பறையிசைக் கலைஞர்’ என்று பொதுவாக அச்சடித்துவிட்டோம், பெயர் பிந்தித்தான் தெரியவந்தது.

கமக்காரர் (மதகிலிருந்து எழுந்து): தம்பி, இதுவரை பகிடி. இனி இல்லை. அந்த மேளம் தானாகத் தொலைந்துபோகவில்லை. அதை வேண்டுமென்றே கீழே வைத்தார்கள். செத்தவீடு எவருடையதோ, அவருடைய படலைக்கு வெளியே வெயிலில் நின்று அடி, கொடுத்த அரிசியைக் குனிந்து வாங்கு, உள்ளே ஓர் அடி வையாதே என்று தலைமுறை தலைமுறையாக அவர்களுடைய தோளிலே நாங்கள் தொங்கவிட்ட பாரம் அது. நாங்கள் என்றால் என் அப்பனும் பாட்டனும் உட்படத்தான். 1966 ஒக்டோபரிலே சுன்னாகத்திலிருந்து தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் புறப்பட்டு, 1968 இலே மாவிட்டபுரக் கோயில் வாசலில் உள்ளே விடு என்று சனம் நின்ற காலத்திலே, இனிமேற் செத்தவீட்டுக்கு மேளம் தூக்கமாட்டோம் என்று எத்தனையோ ஊர்களிற் பிள்ளைகள் அதை இறக்கிவைத்தார்கள். ஒரு கலையை விட்டுவிடுவது எவ்வளவு வேதனை என்று உடுக்கடித்தவனுக்குத் தெரியும். அந்த வேதனையையும் பொறுத்துக்கொண்டு மானத்துக்காக இறக்கிவைத்தார்கள். நீங்கள் என்ன செய்தீர்கள்? இறக்கிவைத்ததைக் கண்டுபிடித்து, தூசி தட்டி, திரும்பவும் அவருடைய தோளிலேயே கொண்டுபோய் மாட்டி, திரும்பவும் வாசலுக்கு வெளியே வெயிலிலே நிறுத்தி, இதற்கு மீட்பு என்று பெயரும் வைத்தீர்கள்! பறை அவ்வளவு உயர்ந்த வாத்தியம் என்றால், அது உயர்ந்த வாத்தியந்தான், உங்கள் குழுவிலே பதினைந்து பேர் இருக்கிறீர்களே, ஒருவனுடைய தோளாவது அதற்கு ஏன் உதவவில்லை? அந்தப் பெரியவரை மேடையிலே இருத்தி, பதினைந்து பேரும் கீழேயிருந்து ஒரு வருஷம் அவரிடம் படித்திருந்தால், நானே வந்து உங்களுக்குப் பந்தம் பிடித்திருப்பேன்.

(சற்று நேரம் தவளைகள் மட்டும் பேசின. இரசிகர் கைத்தொலைபேசியை எடுத்துப் பார்த்துவிட்டு, மறுபடி சட்டைப்பையில் வைத்தார்.)

இரசிகர்: நீங்கள் கோபிப்பதிலும் நியாயம் இருக்கலாம், அப்பு. ஆனால் நான் இன்று வந்த காரியம் வேறு. தைப்பொங்கலை ஒட்டி இரண்டாவது விழா வைக்கிறோம். அதிலே நீங்கள் உடுக்கடிக்கவேண்டும்.

கமக்காரர்: அடிக்கிறேன். இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கி விடியும் வரைக்கும். பாட்டுக்கும் உடுக்குக்கும் வேண்டிய ஆட்களை நானே சேர்ப்பேன். ஒவ்வொருவருக்கும் வயல்வேலைக்குக் கொடுக்கிற நாட்கூலியாவது கையில் வரவேண்டும். விருந்தினருக்கு என்ன சாப்பாடோ அதுவே எங்களுக்கும், அதே பந்தியில். போன மாதம் வாசலிலே நின்றாரே, அந்தப் பெரியவருடைய வீட்டுக்கு நீங்கள் பதினைந்து பேரும் நடந்துபோய் மன்னிப்புக் கேட்டு, அவர் மனமிசைந்தால் எனக்குப் பக்கத்திலே கதிரை போட்டு இருத்தவேண்டும். பறை அடிப்பதும் அடியாமல் விடுவதும் அவருடைய இஷ்டம்.

இரசிகர் (சற்று விலகிச் சென்று தொலைபேசியிலே நெடுநேரம் குசுகுசுத்துவிட்டுத் திரும்பிவந்து): பேசிவிட்டேன், அப்பு. விடியவிடிய என்பது ஒலிபெருக்கிக்காரரோடு பேசவேண்டிய விஷயமாம். கூலியும் மன்னிப்பும் அடுத்த பொதுக்கூட்டத்தில்தான் தீர்மானமாகுமாம். ஆனால் கதிரைக்கு எல்லோரும் ஏகமனதாகச் சம்மதித்துவிட்டார்கள். உங்களுக்கு ஒன்று, அவருக்கு ஒன்று, இரண்டும் முன்வரிசையில்.

கமக்காரர்: எவ்வளவு நேரத்துக்கு?

இரசிகர்: படம் எடுத்து முடியும் வரைக்கும்.