தேதி நெரிசல்: கம்பம் பள்ளத்தாக்கை முன்வைத்து ஓர் ஆய்வு

ஒரே தேதியில் பல வரலாற்று நிகழ்ச்சிகள் வந்து குவிவதை நாளேடுகள் 'வரலாற்றில் இன்று' என்ற தலைப்பில், ராசிபலனுக்குப் பக்கத்திலேயே, தவறாமல் அறிவிக்கின்றன. ஏன் குவிகின்றன என்று மட்டும் எந்த நாளேடும் சொல்வதில்லை. கேட்டால் தற்செயல் என்பார்கள். ஆய்வேட்டில் எழுத ஒன்றும் கிடைக்காதவர்கள் எழுதும் சொல் அது. தேனி மாவட்டத்தை, குறிப்பாகக் கம்பம் பள்ளத்தாக்கைக் களமாகக் கொண்ட இவ்வாய்வின் கருதுகோள் வேறு: தேதிகள் தாமாகக் கூடுவதில்லை, யாரோ நகர்த்துகிறார்கள். மேற்கே போய்க் கடலில் விழுந்துகொண்டிருந்த பெரியாற்றை, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிக் குடிக்கிற ஊர் இது. ஒரு தேதியைத் திருப்புவது அதற்கு எம்மாத்திரம்?

எதிர்த்தரப்பையும் கேட்டுவிடுவது முறை. 23 பேர் ஓரிடத்தில் கூடினால், அவர்களில் யாரேனும் இருவருக்குப் பிறந்தநாள் ஒன்றாக இருக்கப் பாதிக்கு மேல் வாய்ப்பு உண்டு என்பது கணிதக்காரர்களின் வாதம். மற்ற ஊர்களில் இதைச் சோதிக்க ஒரு வகுப்பறை வேண்டும். இங்கே ஒரு ஜீப் போதும். விடிகாலையில் ஏலத்தோட்ட வேலைக்குக் கம்பம்மெட்டு ஏறுகிற ஜீப்பை நிறுத்தி ஆட்களை எண்ணினால், போலீஸ்காரருக்கு ஒரு வழக்கு கிடைக்கும். கணித ஆசிரியருக்கு ஒரு தேற்றம் கிடைக்கும்.

ஆனால் அந்தத் தேற்றம், பிறப்புகள் ஆண்டு முழுக்க ஒரே சீராகப் பரவிக் கிடக்கின்றன என்று நம்பிக்கொண்டு புறப்படுகிறது. நம் பெரியவர்களின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை அது பார்த்ததில்லை. அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்க்க வந்த பையனின் வலது கையைத் தலைக்கு மேலாகச் சுற்றி இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் ஐந்து வயது. பிறந்த தேதி கேட்டால் தாய் தேதி சொல்லமாட்டார், திருவிழா சொல்வார். "வீரபாண்டியில கம்பம் நட்டு ரெண்டாம் நாளு சார், நல்ல மழை" என்பார். தலைமையாசிரியர் ஜன்னல் வழியாக ஒருமுறை வெளியே பார்த்துவிட்டு, ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது வயது சரியாக நிற்கிற மாதிரி மே மாதத்திலோ ஜூன் முதல் தேதியிலோ ஒன்றை மையால் எழுதிவிடுவார். எழுதியது எழுதியதுதான். வேலை, பதவி உயர்வு, ஓய்வு, பென்ஷன் எல்லாம் அந்த மையின்படி நடக்கும். ஒரு தலைமுறையே கோடை விடுமுறையின் கடைசியில் பிறந்த அதிசயத்தை எந்த மகப்பேறு நிபுணரும் விளக்கியதில்லை. தேதிகள் இப்படி ஓரிடத்தில் குவிந்தால் தேற்றத்துக்கு 23 பேர்கூடத் தேவையில்லை. ஜீப்பின் பின்சீட்டே போதும்.

தலைமையாசிரியர் செய்ததை அரசாங்கங்களும் செய்திருக்கின்றன. பெரியாறு அணைக்கான குத்தகைப் பத்திரத்தில் திருவிதாங்கூர் சமஸ்தானமும் ஆங்கில அரசும் கையெழுத்திட்டது 1886 அக்டோபர் 29-இல். குத்தகைக் காலமான 999 ஆண்டுகள் ஓடத் தொடங்கியதோ அதே ஆண்டின் ஜனவரி 1 முதல். அதாவது குழந்தை பிறக்கும்போதே அதற்குப் பத்து மாத வயது. 111 ஆண்டு கழித்து, 1997-இல், மதுரையிலிருந்து பிரிந்த தேனி மாவட்டமும் இதே ஜனவரி 1-ஐத்தான் பிடித்துக்கொண்டது. பிரிப்பதற்கான அரசாணை முந்தைய ஜூலையிலேயே வந்துவிட்டது என்பது குறிப்பிடத்தக்கது. காகிதத்தில் பிறப்பவை எல்லாம் மாத முதல் தேதியை விரும்புகின்றன என்று இதிலிருந்து ஒரு துணை விதி பெறப்படுகிறது. மேல் விசாரணை தேவையில்லை.

இனி மையப் பொருளுக்கு வருவோம்: ஜனவரி 15.

அந்தப் பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர் கர்னல் ஜான் பென்னிகுவிக் 1841 ஜனவரி 15 அன்று புனேயில் பிறந்தார். பள்ளத்தாக்கில் அது ஒரு திருநாள். பாலார்பட்டியில் அவர் பெயரால் பொங்கல் வைக்கிறார்கள். லோயர் கேம்ப்பில் அவருடைய மணிமண்டபம் 2013-இல் திறக்கப்பட்டதும் இதே ஜனவரி 15 அன்றுதான். கம்பத்திலும் கூடலூரிலும் டீக்கடைச் சுவரில் மீசையும் கோட்டுமாக ஒரு வெள்ளைக்காரர் முருகனுக்கும் லட்சுமிக்கும் நடுவில் பொட்டு வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். சுற்றுலா வந்தவர் யாரென்று கேட்டால் கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு, "இந்தத் தண்ணி யாரு குடுத்ததுன்னு நெனைக்கிறீங்க?" என்று கிளாஸைக் காட்டுவார். அந்தப் பேச்சு முடிவதற்குள் டீ ஆறிவிடும்.

பொங்கலும் அவர் பிறந்தநாளும் ஒன்றாக வருவதைத் தெய்வச் செயல் என்று கொள்வோர் உண்டு. சூரியனுக்கும் தண்ணீருக்கும் நன்றி சொல்கிற நாளில் தண்ணீர் கொடுத்தவர் பிறந்திருக்கிறார் என்றால், வேறு என்ன சொல்வது? இங்கேதான் ஆய்வாளன் குறுக்கிட வேண்டியிருக்கிறது. பென்னிகுவிக் பொங்கலன்று பிறக்கவில்லை.

நம் பஞ்சாங்கம் சூரியனை நட்சத்திரங்களைக் கொண்டு அளக்கிறது. ஆங்கில நாட்காட்டி பருவங்களைக் கொண்டு அளக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கும் நீளம் ஏறத்தாழ 20 நிமிடம் வேறுபடும். 20 நிமிடத்தை யார் கண்டுகொள்வார்கள்? ஆனால் 72 ஆண்டு சேர்ந்தால் அது முழுசாக ஒரு நாள். ஆகவே பொங்கல் ஆங்கில நாட்காட்டியில் மெல்ல மெல்லப் பின்னோக்கித் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. சாட்சி வேண்டுவோர் விவேகானந்தரைப் பார்க்கலாம். அவர் 1863-இல் மகர சங்கராந்தி அன்று பிறந்தவர். அந்தச் சங்கராந்தி வந்தது ஜனவரி 12-இல். அப்படியானால் 1841-லும் பொங்கல் 12-ஐ ஒட்டித்தான் வந்திருக்கும். குழந்தை ஜான் கண் திறந்தபோது மாட்டுப் பொங்கலும் காணும் பொங்கலும் முடிந்து, வாசலில் கரும்புச் சக்கையைக் கூட்டிக்கொண்டிருந்திருப்பார்கள். பிற்பாடு அவர் அசையவில்லை, பதினைந்திலேயே நின்றார். பொங்கல்தான் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் நடந்து வந்து அவரைப் பிடித்தது. இப்போது சில ஆண்டுகள் 14, சில ஆண்டுகள் 15 என்று மாறி மாறி வருகிறது. 14-இல் வரும் ஆண்டுகளில் அவருக்கு மாட்டுப் பொங்கல் கிடைக்கிறது. அதிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை, வயலில் உழைத்தவை மாடுகளும்தானே.

அதே தேதியில் வேறு யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால், 1929-இல் மார்ட்டின் லூதர் கிங் பிறந்திருக்கிறார். 2001-இல் விக்கிப்பீடியா தொடங்கியிருக்கிறது. 1934-இல் பீகாரைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியிருக்கிறது. நம் ஆய்வுக்கு முக்கியமானது 1949. அந்த ஜனவரி 15-இல்தான் இந்தியத் தரைப்படையின் தலைமையை ஆங்கிலேயரான ஜெனரல் புச்சரிடமிருந்து கரியப்பா ஏற்றுக்கொண்டார். அதனால் அது ராணுவ தினம். ஆக, வெள்ளைக்கார ராணுவ அதிகாரி பதவியை விட்டு இறங்கியதை ராணுவம் அணிவகுத்துக் கொண்டாடும் அதே காலையில், ஒரு வெள்ளைக்கார ராணுவ அதிகாரிக்குக் கம்பம் பள்ளத்தாக்கு மாலை போட்டுப் பொங்கல் பொங்குகிறது. இரண்டு பக்கத்துக்கும் இதில் எந்தச் சங்கடமும் இருப்பதாகத் தெரியவில்லை. பட்டாளத்துக் குடும்பம் என்றால் கொண்டாட்டத் தேதிகள் மட்டும் கிடையாது என்பதையும் பதிவு செய்ய வேண்டும்: சிறுவன் ஜானுக்கு எட்டு வயது நிறைய இரண்டு நாள் இருக்கும்போது, 1849 ஜனவரி 13 அன்று, சிலியன்வாலா போரில் அவன் தந்தையும் அண்ணனும் ஒரே நாளில் மாண்டார்கள்.

பொங்கல் நிற்கப்போவதில்லை என்பதையும் கவனிக்க. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அது ஜனவரி 16-ஐத் தொட்டுவிடும். பிறகு திரும்பிப் பார்க்காது. பெரியாறு குத்தகை முடிகிற நாள் கணக்குப்படி 2884 டிசம்பர் 31. அதற்கடுத்து வரும் பொங்கல் ஜனவரி 27-ஐ ஒட்டி, குடியரசு தின மிட்டாய்க்கும் பிறகு வரும். அப்போது பாலார்பட்டிக்காரர்கள் பொங்கலோடு போவதா, பென்னிகுவிக்கோடு நிற்பதா, இரண்டு பானை வைப்பதா என்று ஊர்க்கூட்டம் போட வேண்டியிருக்கும். இரண்டு பானை என்றுதான் தீர்ப்பாகும் என்பது என் கணிப்பு.

இதுவரை கண்டவை எல்லாம் தலைமையாசிரியர், அரசாங்கம், வானம் ஆகியோர் நகர்த்திய தேதிகள். ஒருவர் தம் தேதியைத் தாமே நகர்த்திக்கொண்டதற்கான சான்று பண்ணைப்புரத்தில் கிடைக்கிறது. இளையராஜா பிறந்தது 1943 ஜூன் 3. திருக்குவளையில் 1924-இல் கருணாநிதி பிறந்ததும் ஜூன் 3. தமக்கு இசைஞானி என்று பட்டம் கொடுத்தவரின் பிறந்தநாளில் ஜனங்கள் அவரை மட்டுமே வாழ்த்தட்டும் என்று, இளையராஜா ஒரு நாள் முன்னால் போய் ஜூன் 2-இல் கொண்டாடத் தொடங்கினார். பின்னால் போகாமல் முன்னால் போனது ஏன் என்பது ஆய்வுக்குரியது. பின்னால் ஜூன் 4-இல் எஸ்.பி. பாலசுப்ரமணியம் இருந்தார். அங்கே போயிருந்தால் இசையமைப்பாளருக்கும் பாடகருக்கும் ஒரே கேக் போதும் என்று யாராவது சிக்கனம் பிடித்திருப்பார்கள்.

ஆனால் ஜூன் 2-உம் காலியாக இருக்கவில்லை. 1956-இல் மதுரையில் பிறந்த மணிரத்னம் ஏற்கெனவே அங்கே இருந்தார். முதல் படத்திலிருந்து 'தளபதி' வரை அவருக்கு இசையமைத்தவர் இளையராஜாதான் என்பதால் இடத்தகராறு எதுவும் எழவில்லை. பண்ணைப்புரமும் அன்று மதுரை மாவட்டத்தைச் சேர்ந்ததே என்பதால், இது மாவட்டத்துக்குள் நடந்த இடமாற்றம் என்று வருவாய்த்துறை மொழியில் குறித்துக்கொள்ளலாம். ஜூன் 1-ஐ நினைத்துப் பார்க்கவே வேண்டாம். அணையில் தண்ணீர் இருந்தால், பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் முதல் போகத்துக்குத் தண்ணீர் திறக்கிற வழக்கமான நாள் அது. தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் இறங்க வேண்டிய நாளும் அதுதான். தலைமையாசிரியர் எழுதிவைத்த பிள்ளைகள் வேறு அங்கே வரிசையில் நிற்கிறார்கள்.

இனிமேல் பிறக்கவிருக்கும் பிரமுகர்கள் நெரிசலில்லாத தேதி ஒன்றைத் தேர்ந்துகொள்ள விரும்பினால், நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் திறக்கும் பிப்ரவரி 29-ஐப் பரிந்துரைக்கலாம் என்று முதலில் தோன்றியது. விசாரித்தால், 1896-லேயே அங்கே மொரார்ஜி தேசாய் துண்டு போட்டு வைத்திருக்கிறார்.