அந்தப் புள்ளி ஆர்?

ஊருக்குள் செல்வாக்குடைய மனிதரைப் ‘பெரிய புள்ளி’ என்று சொல்வது நம் பாஷையின் மரியாதை. புள்ளியியல் பாடம் சொல்லிப் பிழைக்கும் எனக்கு வாய்த்த புள்ளிகளோ, பேரும் இல்லாமல் ஊரும் இல்லாமல், கலைந்துபோன எறும்பு வரிசையைப்போல் வெண்திரையில் சிதறிக் கிடப்பவை. அவற்றை அநாமதேயமாகவே விட்டுவைத்திருந்தால் ஒரு வார காலம் என் நித்திரை பாழாகியிராது. அதைப் பாழாக்கிய புண்ணியவான் மூன்றாம் பெஞ்சு மாணாக்கன் ஒருவன்.

நான் அன்று காட்டியது, ‘மோட்டார் டிரெண்ட்’ என்னும் அமெரிக்கப் பத்திரிகையின் 1974-ஆம் ஆண்டு இதழிலிருந்து எடுக்கப்பட்டு, ‘ஆர்’ என்ற மென்பொருளோடு சீதனம்போலக் கூடவே வந்துசேரும் 32 கார்களின் அட்டவணை. காரின் எடையைப் படுக்கை அச்சிலும், ஒரு கேலன் பெட்ரோலுக்கு அது ஓடும் மைல்களைச் செங்குத்து அச்சிலும் வைத்து வரைந்தால், இளைத்த சரீரங்கள் இடப்பக்கம் உயரத்திலும், ஸ்தூல சரீரங்கள் வலப்பக்கம் பள்ளத்திலுமாகப் புள்ளிகள் சரிந்து இறங்கும். இதன் தத்துவத்தை விஸ்தாரமாக நான் விளக்கிக்கொண்டிருக்கையில், “சார், மேல மூலைல ஒண்ணு தனியா நிக்குதே, அது எந்த வண்டி சார்?” என்றான் அவன்.

நியூஸிலாந்தின் ஆக்லாந்து நகரில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மன் என்ற இரு புள்ளியியலாளர்கள் அந்த மென்பொருளைப் படைத்தபோது, தங்கள் பெயர்களின் முதலெழுத்தையும் உத்தேசித்து அதற்கு ‘ஆர்’ என்று நாமகரணம் செய்தார்கள். தமிழில் அது ஒரு கேள்வி என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? “ஆர்?” என்று தன் பெயரிலேயே கேட்டுக்கொண்டு நிற்கும் ஒரு வஸ்துவிடம் போய், இந்தப் புள்ளி ஆர் என்று நான் விசாரித்தால் அது என்ன பதில் சொல்லும்! “அடுத்த வகுப்பில் சொல்கிறேன்” என்று சொல்லி, கௌரவத்தோடு தப்பினேன்.

அன்றிரவு, புள்ளிகளுக்குப் பெயர் எழுதும் ‘டெக்ஸ்ட்’ என்ற கட்டளையை ஏவினேன். 32 பெயர்களும் அவரவர் புள்ளியின் மார்பின்மீதே ஏறி உட்கார்ந்துகொண்டன. கேலனுக்கு 10.4 மைல் என்று ஒரே மட்டத்தில் நின்ற கேடிலாக்கும் லிங்கனும் எழுத்தோடு எழுத்து பின்னி, எந்த பாஷைக்கும் சேராத ஒரு மந்திரமாகிவிட்டன. பெயர்களை வலப்பக்கம் தள்ளினால் அவை சட்டத்தில் முட்டிப் பாதியில் அறுபட்டன. பங்காளிகளான மெர்க் 450 மூவரும், அதாவது எஸ்இ, எஸ்எல், எஸ்எல்சி ஆகியோர், எந்தப் பக்கம் தள்ளினாலும் ஒரே திண்ணைக்கு வழக்காடினார்கள். புள்ளிக்குப் பகுதி ஏதும் இல்லை என்று யூக்ளிட் சொன்னது மெய்யே; அதன் பெயருக்கு இவ்வளவு இடம் வேண்டியிருக்கும் என்று அந்த மகான் எச்சரிக்கவில்லை.

ஒரு பெயரைக் கீழே, இடப்பக்கம், மேலே, வலப்பக்கம் என நான்கு விதமாக வைக்கலாமாதலால், 32 பெயர்களை வைக்கும் விதங்கள் எத்தனை என்று, தூக்கம் வராத கோபத்தில், கணக்கிட்டுப் பார்த்தேன். 1,84,000 கோடி கோடிக்கும் மேல் வந்தது. சதுரங்கத்தின் 64 கட்டங்களில் நெல்மணிகளை இரட்டித்துக்கொண்டே வைக்கச் சொல்லி அரசனை ஓட்டாண்டியாக்கிய கதையில் வருகிற மொத்தத்தைக் காட்டிலும் சரியாக ஒரு மணி அதிகம்!

மறுநாள் ‘ஐடென்டிஃபை’ என்னும் கட்டளையை நாடினேன். சுட்டெலியால் ஒரு புள்ளியின் அருகில் தட்டினால், தட்டிய பக்கத்தில் அதன் பெயர் தோன்றும் என்பது ஏற்பாடு. என் கையோ லேசாக நடுங்கும் கை. அரை அங்குலம் தள்ளித் தட்டினால், “0.25 அங்குலத்துக்குள் புள்ளி ஏதுமில்லை” என்று அது எச்சரித்தது; முன்பு தட்டியதையே மறுபடி தட்டினால், “இது ஏற்கனவே அடையாளம் காணப்பட்டது” என்று, ரேஷன் கடையில் இரண்டாம் முறை வரிசையில் நிற்பவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தது.

பிறகு ‘ஜிஜிபிளாட்2’ என்னும் படம் வரையும் நிரல். பெயர்கள் மோதாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னால் அது செய்வது பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கும் நியாயம்தான்: அட்டவணையில் முந்தியவனுக்கு ஸ்தானம், பிந்தியவனுக்குப் பெயரே கிடையாது. 15-ஆம் வரியிலிருந்த கேடிலாக் அமர்ந்துகொள்ள, 16-ஆம் வரியில் பிறந்த பாவத்துக்கு லிங்கன் மாயமாய் மறைந்தது. இது எனக்குப் பொறுக்கவில்லை.

கடைசியாகச் சரணடைந்தது ‘ஜிஜிரிபெல்’ என்னும் துணை நிரலிடம். அது பெயர்களை ஒன்றையொன்று வெறுக்கச் செய்து, தள்ளிப்போய் நிற்கும் ஒவ்வொன்றையும் அதனதன் புள்ளியோடு மெல்லிய கோட்டால் கட்டிவைக்கும். சம்பந்திகள் மனஸ்தாபத்துக்குப்பின் கலியாண வீட்டில் உட்காரும் முறை இதுதான். நெருக்கடி மிஞ்சினால் சிலரைப் பெயரில்லாமலே விட்டுவிடும் அதன் வழக்கத்தையும் அடக்கி, ஒருவரையும் விடலாகாது என்று உத்தரவிட்டேன். சாளரத்தைச் சற்றே பெரிதாக்கினால் சபை முழுவதும் எழுந்து வேறு வேறு இடங்களில் மாறி உட்கார்ந்தது. நான் மூச்சுவிடாமல் ஒரு நிலையைச் சேமித்து, ஜயபேரிகை கொட்டாத குறையாக வகுப்புக்குப் போனேன்.

திரையில் 32 பெயர்கள், அவற்றுக்கிடையே சிலந்தி வலைபோல் கோடுகள். மூன்றாம் பெஞ்சு வெகுநேரம் உற்றுப் பார்த்தது.

“அன்னைக்கு ஒண்ணே ஒண்ணு கேட்டேனே சார், தனியா நின்னுச்சே… அது இதுல எது சார்?”

டொயோட்டா கொரோலா, 33.9 மைல். அதைக் காட்டுவதற்காகத் திரையருகே சென்று விரலை நீட்டினேன்; வெளிச்சக் கற்றையின் குறுக்கே புகுந்த என் கையின் நிழல், இடது மேல்மூலையைப் புள்ளியும் பெயருமாக முழுவதும் மூடிக்கொண்டது.