கை வச்சா காய்ச்சல் போவுமா, கண்ணு?

ஏம்பா தம்பி, கம்பெனி பஸ்ஸை வுட்டு எறங்கினதும் நேரா ரூமுக்குப் போறே. செல்போனைச் செவுத்துல சாய்ச்சு வச்சிட்டு, கண்ணை மூடிக்கினு குந்தறே. இன்னா நடக்குது? தூக்கமா? தூங்கினாலாச்சும் ஒடம்புக்கு நல்லது. தூக்கமில்லையாம். எங்கியோ ஒரு ஊர்லருந்து ஒரு மாஸ்டர் ஒனக்கு ரெய்கின்னு எனர்ஜி அனுப்பிக்கினு கீறாராம். அரை மணிக்கு ஐந்நூறு ரூபாயாம். நீ அனுப்பின காசு போய்ச் சேர்ந்ததும் போன்ல டிங்குன்னு சத்தம் வந்துதே, அவரு அனுப்பினது வந்து சேர்ந்ததும் இன்னா சத்தம் வந்துது?

மண்ணூர்ல குந்திக்கினு நான் பாக்காத எனர்ஜியா? ஏரித் தண்ணியில நெல்லு வெளைஞ்சப்போ ஏர் மாட்டைப் பாத்தேன். 1998ல இருங்காட்டுக்கோட்டை கம்பெனியிலருந்து கார் உருண்டு வெளிய வந்ததைப் பாத்தேன். அப்பால ஒரகடம் காடு மேடெல்லாம் கம்பெனியாச்சு. ராவெல்லாம் வெளக்கு எரியுது, பகலெல்லாம் லாரி ஓடுது. எல்லாம் ஆயி இப்போ ஒடம்பைச் சுத்தி இருக்குதுன்னு சொல்ற ஆராவைக் கழுவ ஆளு வந்திருக்கு. கழுவட்டும். வூட்டுத் தண்ணித் தொட்டியைக் கழுவ ஆள் கூப்ட்டா ஒருத்தனும் வர மாட்டேங்கிறான்.

பி ஷிஃப்ட்டும் சி ஷிஃப்ட்டும் சேத்துப் பாத்துட்டு ஒடம்பு அசந்து போவுதுன்னு நீ சொன்னியாம். அதுக்கு அவரு, மூலாதாரச் சக்கரம் அடைச்சிக்கிச்சுன்னாராம். எனக்குத் தெரிஞ்சு இந்தப் பக்கம் அடைச்சிக்கினு நிக்கறது சுங்குவார்சத்திரம் ஜங்ஷன்தான். கண்ணு, ஒனக்கு வேண்டியது சக்கரம் தெறக்கறது இல்ல. ஒரு நாள் லீவு.

நான் இதையெல்லாம் புச்சா கேக்கறேன்னு நெனைக்காத. எங்க ஆயா அந்தக் காலத்துலயே இந்த வேலை பாத்தவ. கொழந்தைக்கு ஜுரம்னா வேப்பங்கொத்தை எடுத்து தலையிலருந்து கால் வரைக்கும் தடவுவா. உப்பும் மொளகாயும் சுத்தி, மூணு தரம் துப்பச் சொல்லி அடுப்புல போடுவா. பள்ளிவாசல்ல ஓதின தண்ணியும் வாங்கியாருவா. ஆயாவுக்கு எல்லா சாமியும் ஒண்ணுதான், எது கேக்குதோ கேக்கட்டும்னுவா. கூலி இன்னா தெரியுமா? வெத்தலை பாக்கு. லெவல் ஒண்ணு லெவல் ரெண்டுன்னு சட்டம் போட்ட சர்ட்டிபிகேட் கெடையாது. ஆனா ஒண்ணு. தடவி முடிச்சிட்டு எழுந்து போவ மாட்டா. ராத்திரி முழுக்கப் பக்கத்துலயே குந்திக்கினு, நெத்தியில ஈரத்துணி மாத்திக்கினு, கஞ்சித் தண்ணியைக் கரண்டி கரண்டியா ஊட்டுவா. விடிஞ்சும் ஜுரம் வுடலன்னா வண்டி கட்டச் சொல்லி ஸ்ரீபெரும்புதூர் ஆசுபத்திரிக்குத் தூக்கினு ஓடுவா. ஜுரத்தை எது வெரட்டுச்சு, வேப்பிலையா கஞ்சியா டாக்டர் ஊசியா? ஆயா கணக்குப் பாக்கல. ஒங்க மாஸ்டருங்கதான் கணக்குப் பாத்து பில்லு போடறாங்க.

இந்த ரெய்கி சமாச்சாரத்தோட பூர்வீகமும் எனக்குத் தெரியும். ஜப்பான்ல மிகாவோ உசுயின்னு ஒருத்தர். 1922ல குராமா மலை ஏறி 21 நாள் பட்டினி கெடந்தாராம், தலைக்கு மேல சக்தி எறங்குச்சாம். இருவத்தோரு நாள் சோறு இல்லன்னா யாருக்குத்தான் ஏதாச்சும் எறங்காது? மறு வருசமே 1923ல டோக்கியோ பக்கம் பெரிய பூகம்பம். லட்சம் பேருக்கு மேல செத்தாங்க. இவரும் சிஷ்யப் புள்ளைங்களும் அடிபட்டவங்க நடுவுல போயி கை வச்சு ஆறுதல் சொன்னாங்கன்னு சொல்லுவாங்க. அந்த மனசுக்கு நான் கும்பிடு போடறேன். அப்பால ஹவாய்த் தீவுக்கு ஹவாயோ தகாதான்னு ஒரு அம்மா அதைக் கத்துக்கினு போனாங்க. மாஸ்டர் பட்டத்துக்கு அவங்க வச்ச ரேட்டு பத்தாயிரம் டாலர். 1980ல சாவறதுக்குள்ள 22 பேரை மாஸ்டராக்கிட்டாங்க. மலையிலருந்து சும்மா எறங்குன சக்தி, கடல் தாண்டினதும் எப்பிடி வெலையாச்சு பாத்தியா?

சரி, கையிலருந்து நெசமாவே ஏதோ வருதான்னு ஒரு வாண்டு சோதிச்சுப் பாத்துச்சு. அமெரிக்காவுல எமிலி ரோசான்னு ஒம்போது வயசுப் பொண்ணு. ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்காக ஒரு அட்டையைக் குறுக்க நிறுத்திட்டா. ‘தெரபியூட்டிக் டச்’னு ரெய்கிக்குப் பங்காளி முறையில ஒண்ணு இருக்குது, மேல படாமலே கையால எனர்ஜியைத் தடவி சரி பண்றது. அந்த வைத்தியக்காரங்க 21 பேரைக் கூப்ட்டா. ரெண்டு கையையும் அட்டைக்கு இந்தாண்ட நீட்டுங்கன்னா. ஒரு கைக்கு மேல மட்டும் தன் கையை வச்சு, எந்தக் கைகிட்ட இருக்குது சொல்லுன்னு கேட்டா. 280 தரம் கேட்டதுல சரியாச் சொன்னது 123. பூவா தலையா போட்டுச் சொல்லியிருந்தாக்கூட பாதி தேறியிருக்கும். 1998ல அந்தப் பொண்ணுக்கு 11 வயசு ஆவும்போது அமெரிக்க டாக்டருங்களோட பெரிய பத்திரிகையிலயே அது அச்சாச்சு. ஒரு அட்டை, ஒரு கொழந்தை, அவ்ளோதான் செலவு. பக்கத்துல இருக்கற கையே தெரியலன்னா, எங்கியோ குந்திக்கினு ஒன் மூலாதாரம் அவருக்கு எப்பிடித் தெரியுது?

கெழவன் எல்லாத்தையும் கிண்டல் பண்றான்னு மூஞ்சியைத் தூக்காத. கை வச்சா இதமா இருக்குதான்னா, இருக்குதுதான். அழுவற கொழந்தை முதுகைத் தடவினா தூங்குதே. தடவட்டும், யார் வேணாம்னாங்க? அரையடி ஒசரத்துல நிறுத்தறாங்களே, அதான் ஏன்னு கேக்கறேன். தொட்டா ஷாக் அடிக்குமா?

ஒரு எடத்துல மட்டும் நான் சிரிக்க மாட்டேன். சக்கரை மாத்திரையை நிறுத்து, எனர்ஜியே பாத்துக்கும்னு எவனாச்சும் சொன்னா எழுந்து வந்துடு. அந்தப் பேச்செல்லாம் வெளம்பரம் பண்ணக்கூடாதுன்னு 1954லயே சட்டம் வந்தாச்சு. சக்கரை, புத்து நோய், பக்கவாதம்னு பட்டியலே இருக்குது. தாயத்து, மந்திரம், கவசம்னு எதைக் காட்டி அதைத் தீக்கறேன்னு வெளம்பரம் போட்டாலும் மொதல் தரம் ஆறு மாசம் வரைக்கும் உள்ள போவலாம். வீடு தேடி வர்ற வைத்தியம்தான் வேணும்னா அதுவும் கீது. 2021லருந்து மக்களைத் தேடி மருத்துவம்னு நடக்குதே, தெரியாதா? ஒரு பொண்ணு பையைத் தோள்ல மாட்டிக்கினு வருது. திண்ணையிலயே குந்தவச்சு, கையில பட்டையைக் கட்டி பிரஷரைப் பாத்து, மாத்திரையைக் கையில குடுத்துட்டு, ‘தாத்தா, ஊறுகாயை நிறுத்து’ன்னு திட்டிட்டும் போவுது. காசு கேக்கல. ஆராவைப் பத்தியும் பேசல.

கஷ்ட காலத்தைத் தாங்க எனர்ஜி வேணும்ன்றியா? கஷ்ட காலம்னா இன்னான்னு இந்தக் கம்பெனி ரோட்டுக்குத் தெரியும். 2014 நவம்பர்ல நோக்கியா ஆலையை மூடினப்போ எத்தினி புள்ளைங்க பொட்டியைக் கட்டிச்சு! 2020 ஊரடங்குல பீகார்க்காரன், ஒடிசாக்காரன்லாம் மூட்டையைத் தலையில வச்சிக்கினு நடந்தானே. அப்போ இந்த ஊருல ஒரு வூட்டுக்காரம்மா வாடகையை அப்பால பாத்துக்கலாம்னா. ஒரு மளிகைக் கடைக்காரர் கணக்கு நோட்டுல புள்ளி வச்சதோட சரி, கேக்கவே இல்ல. ஆடி மாசம் அம்மனுக்கு ஊத்தற கேவுரு கூழைத் தெருவுக்கே ஊத்தினாங்க, தொட்டுக்க முருங்கக்கீரையோட. இதுக்கெல்லாம் இங்கிலீஷ்ல பேரு வைக்கத் தெரியல எங்களுக்கு. வச்சிருந்தா நாங்களும் லெவல் லெவலா வித்திருப்போம்.

சக்தியைப் பத்திப் பேசற எல்லாரையும் நான் ஒதுக்கல. ஒரகடத்துக்கு எட்டின தூரத்துல கூடுவாஞ்சேரி. 1911ல அங்க நெசவுக்காரர் வூட்டுல பொறந்தவர்தான் வேதாத்திரி மகரிஷி. அவரும் காந்த சக்தி, காயகல்பம்னெல்லாம் பேசினவர்தான், இல்லங்கல. எனக்கு அதுல பாதி புரியல. ஆனா எதிர்ல வர்றவங்களைப் பாத்து வாழ்க வளமுடன்னு சொல்லக் கத்துக் குடுத்தாரு பாரு, அது புரிஞ்சுது. வடலூர்ல வள்ளலார் 1867ல பத்த வச்ச அடுப்பு இன்னும் அணையாம சோறு வேவுது. அவருக்குத் தெரிஞ்ச பெரிய நோவு பசி. மருந்து கைக்கு மேல மெதக்கறதா இல்லாம எலையில விழறதா இருந்துது.

மனசு ரொம்பக் கனமா இருந்தா 14416க்குப் போன் போடு. டெலிமானஸ்னு பேரு, ராவும் பகலும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம், காசு கெடையாது. வெக்கப்படாத, நானே பல பேருக்கு எழுதிக் குடுத்திருக்கேன்.

இப்போ கண்ணைத் தெறந்து எழுந்திரு. ஒன் பக்கத்து ரூம்ல அந்த ஜார்க்கண்ட் பையன் நேத்துலருந்து கம்பளியைப் போத்திக்கினு கெடக்கறான். அவனுக்குத் தமிழ் வராது, ஒனக்கு இந்தி வராது. கஞ்சிக்கு ரெண்டும் வாணாம். உப்பு போட்டு எடுத்துக்கினு போ. நெத்தியில கையை வச்சுப் பாரு, நல்லா தொட்டே பாரு. சாயங்காலம் வரைக்கும் சூடு எறங்கலன்னா வண்டியில ஏத்திக்கினு ஆசுபத்திரிக்குப் போ. பெட்ரோலுக்குக் காசு இல்லன்னா எங்கிட்ட வந்து வாங்கிக்கோ. அதையும் அந்த மாஸ்டருக்கு அனுப்பிட்டு வந்து நிக்காத.