மீனில்லாத் தொட்டி: ஒரு காத்திருப்பியல் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

வரவேற்பறையில் கண்ணாடித் தொட்டி இருக்கிறது. அதில் தண்ணீர் இருக்கிறது, கூழாங்கல் இருக்கிறது, விளக்கு எரிகிறது, ஏர் பம்ப் குமிழி விடுகிறது. மீன் மட்டும் இல்லை. இந்நிலை சுமார் நான்கு முதல் ஆறு வாரம் வரை நீடிக்கும். இக்காலத்தில் தண்ணீருக்குள் நடப்பது என்ன, வெளியே வீட்டுக்குள் நடப்பது என்ன, இவற்றுள் எது கடினமானது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. முன்னாய்வுகள்

இத்துறையின் மூலவர்கள் மீன் வளர்த்தவர்கள் அல்லர், சாக்கடை வளர்த்தவர்கள். 1877-இல் பிரான்ஸில் ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்னும் இருவர் மணல் நிரப்பிய குழாயில் சாக்கடை நீரைச் சொட்டவிட்டுப் பார்த்தனர். முதல் 20 நாள் அந்நீரின் அம்மோனியாவில் எந்த மாற்றமும் இல்லை. அதன்பின் நைட்ரேட் வரத் தொடங்கியது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் மாற்றம் நின்றது. ஆகவே இது உயிர்கள் செய்யும் வேலை என்று நிறுவினர். அந்த 20 நாளும் அவர்கள் வீட்டில் யார் என்ன கேட்டார்கள் என்ற பதிவு கிடைக்காதது ஆய்வுலகுக்குப் பேரிழப்பு.

1890-இல் வினோகிராட்ஸ்கி என்னும் நுண்ணுயிரியலாளர் அவ்வுயிர்களைத் தனியே பிரித்து வளர்த்தார். நைட்ரைட்டைத் தின்பது நைட்ரோபாக்டர் என்றே மீன் வளர்ப்பு நூல்கள் நெடுங்காலம் எழுதி வந்தன. நன்னீர்த் தொட்டிகளில் அவ்வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்று 1998-இல் ஓர் ஆய்வு காட்டியது. இத்தனை ஆண்டு வேறொருவன் பெயரில் உழைத்த அப்பிராணி இன்றுவரை புகார் எதுவும் கொடுக்கவில்லை.

3. நீருக்குள் நிகழ்வன

மீன் தன் செவுள் வழியே அம்மோனியா என்னும் நஞ்சை வெளியேற்றுகிறது. மிஞ்சிய தீனி அழுகினாலும் அதுவே வரும். ஒருவகை நுண்ணுயிர் அதை நைட்ரைட்டாக்கும். இதுவும் நஞ்சு, மீனின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். இரண்டாம் வகை அதை நைட்ரேட்டாக்கும். இது பெரிதாகத் தீங்கு செய்யாது; வாரம் ஒருமுறை கால்பங்கு தண்ணீரை மாற்றினால் போதும். இவ்விரு கூட்டமும் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கூழாங்கல்லிலும் குடியேறும்வரை காத்திருப்பதே 'சைக்கிள்'. கடைக்காரர் மொழியில் 'தண்ணி செட் ஆவது'.

தாமதத்துக்குக் காரணம் உண்டு. ஈகோலை போன்ற பாக்டீரியா நல்ல சூழலில் 20 நிமிடத்தில் இரட்டிக்கும். இவையோ ஒருமுறை இரட்டிக்க அரை நாளுக்கு மேலும் எடுத்துக்கொள்ளும். மீன் இல்லாதபோது இவற்றுக்குப் படியளப்பது நம் பொறுப்பு: லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் அம்மோனியா, அல்லது அழுகுவதற்கென்றே ஒரு சிட்டிகை தீனி.

4. வீட்டுக்குள் நிகழ்வன

கேள்வி கேட்போர் நால்வகையினர். மாமனார்: "என்ன மாப்ள, தண்ணிக்கா லைட்டு போட்டு வச்சிருக்கீங்க?" பக்கத்து வீட்டு அக்கா: "மீனு செத்துப்போச்சா தம்பி?" பிள்ளை: "அப்பா, கண்ணுக்குத் தெரியாத மீனா?" சென்னைக் கொளத்தூர் வண்ணமீன் கடைக்காரர்: "நாலு மோலி விட்டுப் பாருங்கண்ணே. சாவலைன்னா தண்ணி செட்டாயிடுச்சுன்னு அர்த்தம்." நான்காமவர் முறையில் அளவுகோல் மீன், பிழை நேர்ந்தால் போவது அளவுகோலின் உயிர்.

5. தடையும் விடையும்

"எங்க தாத்தா கிணத்துல மீன் விட்டாரே, சைக்கிளா பண்ணினார்?" என்பது முதல் தடை. கிணற்றுச் சுவரெங்கும் பாசி. அதில் நுண்ணுயிர் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கிறது. தாத்தா பண்ணவில்லை, கிணறு பண்ணி வைத்திருந்தது.

"ஃபைட்டர் மீன் பாட்டிலில் வாழ்கிறதே?" என்பது இரண்டாவது. அது மேலே வந்து காற்றை நேரே சுவாசிக்க வல்லது. அதனால் மூச்சுத் திணறாது. அம்மோனியா அதையும் விடாது.

"தண்ணீர் பளிங்குபோல் இருக்கிறதே" என்பது மூன்றாவது. அம்மோனியாவுக்கும் நைட்ரைட்டுக்கும் நிறமில்லை. சோதனைக் குழாயில் மருந்துச் சொட்டு விட்டுச் சில நிமிடம் பொறுத்தால்தான் குட்டு வெளிப்படும்: மஞ்சளாகவே நின்றால் அம்மோனியா இல்லை, பச்சை ஏற ஏற ஆபத்து. அதே அளவு அம்மோனியாவும் பிஎச் 7-இலிருந்து 8-க்கு ஏறினால் ஏறத்தாழ 10 மடங்கு கொடியது. பிஎச் கூடிய போர்வெல் தண்ணீர்க்காரர்கள் கவனிக்க.

தடைகளிலெல்லாம் பெருந்தடை சுத்தம். ஸ்பாஞ்ச் பழுப்பேறி வழுவழுவென்று இருப்பதைக் கண்டு மனம் பொறாத ஒருவர் அதைக் குழாயடியில் சோப்புப் போட்டுப் பிழிந்து வெயிலில் உலர்த்துவார். ஒரு மாதக் குடியேற்றம் ஒரே காலையில் முடிந்தது. சோப்பே இல்லாவிட்டாலும் கார்ப்பரேஷன் தண்ணீரின் குளோரின் போதும். அலச வேண்டுமானால் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலச வேண்டும்.

குறுக்குவழி ஒன்று உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியின் பழைய ஸ்பாஞ்சைக் கொண்டுவந்து போட்டால் காலம் வெகுவாகக் குறையும். தயிருக்கு உறைமோர் விடுவதுபோல. ஆனால் உறைமோர் கேட்கும் உரிமையோடு அடுத்த வீட்டில் அழுக்கு ஸ்பாஞ்ச் கேட்க நம் சமூகம் இன்னும் பக்குவப்படவில்லை.

6. திணை வரையறை

நீரும் மீனும் வருவதால் இப்பொருள் நெய்தலே என்பார் ஒருசாரார். அற்றன்று. முதற்பொருளும் கருப்பொருளும் எவையாயினும் உரிப்பொருள் இருத்தல். ஆதலின் இது முல்லை. மூன்றாம் வாரம் மின்கட்டண ரசீதோடு துணைவியார் முகம் திருப்பிக்கொள்வது ஊடல், அது மருதம். அவசரப்பட்டு முதல் வாரமே மீன் விட்டவர்க்கு மட்டும் நெய்தல் முழுமையாகப் பொருந்தும். நீர் உண்டு, மீன் உண்டு, இரங்கலும் உண்டு.

7. முடிவு

நீருக்குள் இரண்டு வகை நுண்ணுயிரை வளர்ப்பது எளிது. வெளியே ஒரு மாமனாரைச் சமாளிப்பதே கடினம் என்பது இவ்வாய்வின் முடிவு. அம்மோனியா விட்ட 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டினால் தொட்டி தயார். அப்போதும் முதலில் நாலைந்து சிறு மீன்களே போதும். அதுவரை கொளத்தூர்ப் பக்கம் போகாதீர்கள். போகத்தான் வேண்டும் என்றால் பர்ஸை மட்டுமல்ல, போனையும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். கடைக்காரர் ஜிபேயும் வாங்குவார்.