தங்க முட்டையும் தாழ்ப்பாள் சட்டமும்

அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போன நோயாளி ஒரு வருடம் கழித்து எப்படி இருக்கிறார் என்று விசாரித்தால் என்ன? பாஸ்டன் மருத்துவர் எர்னஸ்ட் ஆமரி காட்மன் கேட்டது இவ்வளவுதான். சாதாரணக் கேள்வி. இதைக் கேட்டதற்காக ஊர் மருத்துவர்கள் அவரைச் சேர்த்துக்கொள்ளவே மாட்டோம் என்றார்கள்.

மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் அவர் ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை வைத்திருந்தார். என்ன கோளாறு, என்ன செய்தோம், பிறகு எப்படி இருக்கிறார், குணமாகவில்லை என்றால் யார் தப்பு? கடைசிக் கேள்விதான் வினை. அங்கே பதவி உயர்வுக்குத் திறமையைவிடப் பணிமூப்பு முக்கியம். அதை எதிர்த்து 1914இல் காட்மன் ராஜினாமா செய்தார். அது ஏற்கப்பட்ட கையோடு, என்னைத் தலைமை அறுவை மருத்துவராக நியமியுங்கள் என்று மனுப் போட்டார். காரணம்? பத்து வருடக் கணக்குப்படி மற்றவர்களைவிடத் தன் நோயாளிகள் நன்றாக இருக்கிறார்களாம். மற்றவர்களிடம் கணக்கே இல்லை என்பது அவருக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

1915 ஜனவரியில் ஒரு மருத்துவர் கூட்டம். தலைவர் சாட்சாத் காட்மனே. முடிவில் ஒரு பெரிய கேலிச்சித்திரத்தைத் திரை விலக்கிக் காட்டினார். மணலில் தலையைப் புதைத்த நெருப்புக்கோழி தங்க முட்டைகளைப் பின்னால் நிற்கும் டாக்டர்களிடம் உதைத்துத் தள்ளுகிறது. கோழி, பாஸ்டனின் பணக்கார நோயாளிகள். உண்மை தெரிந்தால் கோழி தொடர்ந்து முட்டையிடுமா என்று ஹார்வர்டு தலைவர் யோசிப்பதாகவும் வரைந்திருந்தது. காட்மனின் கூட்டத் தலைவர் நாற்காலி போயிற்று. ஹார்வர்டில் பார்த்துவந்த வேலையும் போயிற்று. மனிதர் அசரவில்லை. சொந்தமாக நடத்திய சிறு மருத்துவமனையில் 1911 முதல் 1916 வரை பார்த்த 337 நோயாளிகளின் கணக்கில் 123 தவறுகளைப் பட்டியலிட்டு அச்சிட்டார். இப்படி விளம்பரம் செய்த மருத்துவமனை எத்தனை நாள் ஓடும்? மூட வேண்டியதாயிற்று.

ஆனால் அவருடைய யோசனையை அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி எடுத்துக்கொண்டது. 100 படுக்கைக்கு மேற்பட்ட 692 மருத்துவமனைகளை ஆராய்ந்து பார்த்தார்கள். அடிப்படைத் தகுதி இருந்தவை 89. தேறாதவற்றில் நாடறிந்த பெரிய பெயர்களும் இருந்தன. 1919 அக்டோபரில் நியூயார்க் வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலில் கூடி, எண்ணிக்கையை மட்டும் அறிவித்துவிட்டு, பட்டியலை நள்ளிரவில் ஓட்டலின் உலையில் போட்டுக் கொளுத்தினார்கள். அமெரிக்காவில் சக மருத்துவர் ஆய்வு என்ற ஏற்பாட்டுக்கு இப்படித்தான் ஹோமம் வளர்த்துக் கால்கோள் நடந்தது.

ஒவ்வொரு முறையும் உலை தேடி ஓட முடியாதல்லவா? சட்டம் வசதி. 1965இல் இல்லினாய் உச்ச நீதிமன்றம் ஒரு குண்டு போட்டது. கால்பந்து ஆடிய இளைஞன் ஒருவன் கால் முறிந்து வந்தான். மாவுக்கட்டுக்குள் கால் அழுகி, கடைசியில் வெட்ட வேண்டியதாயிற்று. டாக்டர் தப்புக்கு எங்களுக்கென்ன என்று மருத்துவமனை கைகழுவ முடியாது என்றது நீதிமன்றம். சரி, டாக்டர்களைக் கண்காணிக்கக் குழு போட வேண்டும். குழு போட்டால் கூட்டக் குறிப்பு எழுத வேண்டும். குறிப்பு எழுதினால் நோயாளியின் வக்கீல் கேட்பார். கலிஃபோர்னியாவில் கேட்டார். 1967இல் நீதிமன்றமும் வழிவிட்டது. அடுத்த வருடமே அந்த மாநிலம் சாட்சியச் சட்டத்தில் 1157ஆம் பிரிவைச் சேர்த்துத் தாழ்ப்பாள் போட்டது. 1970இல் வாஷிங்டன் நகர நீதிமன்றம் ஒன்றும், ரகசியம் இல்லாவிட்டால் டாக்டர்கள் மனம்விட்டுப் பேச மாட்டார்கள் என்று தீர்ப்பளித்தது. பிறகு மாநிலங்கள் வரிசையில் நின்று ஆளுக்கொரு தாழ்ப்பாள் வாங்கின. அந்த வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. நாளைக்கு நீதிமன்றத்தில் வாசிப்பார்கள் என்றால் எவர்தான் வாய் திறப்பார்? பூட்டிய அறையில் மனம்விட்டு என்னதான் பேசினார்கள் என்பதுதான் கேள்வி.

ஓரிகன் மாநிலத்து அஸ்டோரியாவில் பேசியது வெளியே வந்துவிட்டது. (அந்த ஓட்டல், இந்த ஊர் இரண்டின் பெயரும் ஒரே ஆஸ்டர் குடும்பத்திலிருந்து வந்தவை. அவர்கள் மேல் பழியில்லை.) சுமார் 10,000 பேர் வாழும் ஊர், ஒரே மருத்துவமனை, அதில் பெரும்பாலான டாக்டர்கள் ஒரே கிளினிக்கைச் சேர்ந்தவர்கள். பேட்ரிக் என்ற அறுவை மருத்துவரைப் பங்காளியாகச் சேரச் சொன்னார்கள். அவர் மறுத்து, தனிக் கடை போட்டார். பின்னர் அவருடைய மருத்துவத்தின் தரம் பற்றிக் கவலை பிறந்தது. மாநில மருத்துவ வாரியத்துக்குப் புகார் போனது. விசாரித்த குழுவின் தலைவர் யார்? அந்தக் கிளினிக்கின் பங்காளி. வேலிக்கு ஓணான் சாட்சி! கண்டனக் கடிதமும் வந்தது. பேட்ரிக் நீதிமன்றம் போனதும் வாரியம் அதை முழுசாகத் திரும்பப் பெற்றது. பிறகு மருத்துவமனையிலிருந்தே நீக்கப் பார்த்தார்கள். அவர் வழக்குப் போட, ஜூரி 650,000 டாலர் என்றது; போட்டிக் குலைப்புத் தடுப்புச் சட்டப்படி அது மூன்று மடங்கானது. 1988இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அவர் பக்கம் நின்றது.

அதற்குள் பதறிப்போன நாடாளுமன்றம், நல்லெண்ணத்தோடு ஆய்வு செய்யும் டாக்டர்களிடம் நஷ்டஈடு கேட்க முடியாதபடி 1986இலேயே ஒரு சட்டம் செய்துவிட்டது. ஈடாக, தண்டிக்கப்பட்ட டாக்டர்களின் விவரங்களைச் சேர்க்கத் தேசியத் தரவு வங்கி 1990இல் திறந்தது. மருத்துவமனைகள் பார்க்கலாம், உரிம வாரியங்கள் பார்க்கலாம். கத்திக்குக் கீழே படுக்கப் போகிறவர் பார்க்கக் கூடாது.

தாழ்ப்பாளைப் பெரிதாக உடைத்தது ஃப்ளோரிடா. அதுவும் நோயாளி மேல் பாசத்தால் அல்ல. 2004இல் டாக்டர்கள், மருத்துவ வழக்குகளில் வக்கீல் பங்கைக் குறைக்க அரசியல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தார்கள். பதிலடியாக வக்கீல்கள், மருத்துவத் தவறுகளின் பதிவுகளை நோயாளிக்குக் காட்டியே தீர வேண்டும் என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். மக்கள் இரண்டுக்கும் ஆமாம் போட்டார்கள். பழைய பதிவுகளுக்கு இது பொருந்தாது என்று சட்டமன்றம் முட்டுக்கட்டை போட, 2008இல் நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்தது. வேறொரு மத்தியச் சட்டம் ரகசியத்தைக் காக்கிறதே என்று ஒரு மருத்துவமனை முறையிட்டது. 2017இல் அதுவும் எடுபடவில்லை.

வக்கீல் பங்கைக் குறைக்கும் திருத்தம் என்ன ஆயிற்று என்கிறீர்களா? கட்சிக்காரர் விரும்பினால் அந்த உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடலாம் என்று 2006இல் ஃப்ளோரிடா உச்ச நீதிமன்றம் விதி செய்தது. படிவமும் அதிலேயே இருக்கிறது.