சென்னை – பெங்களூரு வான்வழியில் காணாமற்போன நாற்பது நிமிடங்கள்: ஓர் ஆய்வு

சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கும் பெங்களூரு தேவனஹள்ளி விமான நிலையத்துக்கும் இடையே வான்வழித் தொலைவு சுமார் 268 கிலோமீட்டர். இதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு இல்லை. ஜெட் விமானம் உயரத்தில் மணிக்கு ஏறக்குறைய 800 கிலோமீட்டர் போகும். இதிலும் இல்லை. வகுத்தால் 20 நிமிடம். டிக்கெட்டிலோ ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் போட்டிருக்கிறது. மீதி நாற்பது நிமிடத்தை யார் எடுத்தார் என்பதே ஆய்வுப்பொருள்.

டிக்கெட் சொல்வது பறக்கும் நேரம் அன்று. இங்கே சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கட்டையை எடுப்பது முதல் அங்கே கட்டை வைப்பது வரையுள்ள நேரம் அது. ஓடுபாதை வரை ஊர்வதும், வரிசையில் நிற்பதும் அதனுள் அடங்கும் என்க. அற்றேல், மேலெழுந்தபின் விரையலாமே எனின், அற்றன்று. பத்தாயிரம் அடிக்குக் கீழே 250 நாட், அதாவது மணிக்கு 463 கிலோமீட்டர், என்பதே பொதுவான வேகவரம்பு. வரம்பைக் கடந்து ஏறி முடிப்பதற்குள் இறங்கும் வேளை வந்துவிடுகிறது. பெங்களூரு கடல்மட்டத்துக்குமேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஊராதலால், சென்னைவாசி ஏறிய உயரத்தில் ஒரு பங்கை அங்கேயே விட்டுவிட நேர்கிறது.

இனி காற்று. விமானம் எதிர்காற்றில் இறங்க வேண்டும். தேவனஹள்ளி ஓடுபாதைகள் கிழக்கு மேற்காகக் கிடக்கின்றன. கீழைக்காற்று வீசும் மாதங்களில் சென்னை விமானம் ஊரைத் தாண்டிப் போய்த் திரும்பி வருகிறது, வீட்டைக் கடந்துபோய் யூ-டர்ன் அடிக்கும் ஆட்டோவைப் போல. மீட்டர் மட்டும் இல்லை.

இத்தனைக்கும் பிறகு மிஞ்சுவது கம்பெனிகள் முன்னெச்சரிக்கையாகச் சேர்த்த நேரம். தாமே சேர்த்ததைத் தாமே மிச்சம் பிடித்து, 'பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டோம்' என்று அறிவிக்கையில் குரலில் ஒரு பெருமிதம்! பதினைந்து நிமிடம் பிந்தினாலும் 'சரியான நேரம்' என்பது அத்துறையின் கணக்கு. நம் பள்ளிக்கூடங்களில் இந்த விதி இருந்திருந்தால் பலர் வாழ்வு வேறாகியிருக்கும்.

விமானத்தில் விற்கும் கப் உப்புமா பற்றித் தனி இயலே எழுதலாம். வெந்நீர் ஊற்றி, மூடி, அது ஊறி, கரண்டியை எடுத்தவுடன் இருக்கையை நேராக்கச் சொல்கிறார்கள். 268 கிலோமீட்டர் உப்புமாவுக்குப் போதாத தொலைவு என்பது இவ்வாய்வாளரின் முடிபு.

ஒப்பீட்டுக்கு ஒரு வெளிநாட்டுச் சான்று: ஸ்காட்லாந்தின் ஆர்க்னித் தீவுகளில் வெஸ்ட்ரேக்கும் பாப்பா வெஸ்ட்ரேக்கும் இடையே 2.7 கிலோமீட்டர். 1967 முதல் லோகன்ஏர் பறக்கிறது. கால அட்டவணையில் இரண்டு நிமிடம். 53 விநாடியில் சென்றதும் உண்டு. அங்கே உப்புமா ஆராய்ச்சிக்கு வழியே இல்லை.

தேவனஹள்ளியிலிருந்து ஊருக்குள் சுமார் 35 கிலோமீட்டர். இது சாலைப் போக்குவரத்து இயலின்பாற் படுமாதலால் இங்கு ஆராயப்படவில்லை. ஆனால் காலை ஒன்பதுக்கு எலக்ட்ரானிக் சிட்டியில் மீட்டிங் உள்ளவர்கள் முந்தின இரவே பெங்களூரு மெயிலில் ஏறிப் படுத்துவிடுவது நல்லது.